எடைச் சீட்டு

பழைய இரும்புக் கடையில் எடை எழுதுகிறவள் நான்,
பத்தாங் பெர்ஜுந்தையில்;
பெயரை மாற்றிய பிறகும்
பழைய பெயருக்கே டிக்கெட் கேட்கும் ஊர்.
செம்பு ஒரு குவியல், பித்தளை ஒரு குவியல்,
அலுமினியக் குண்டான்கள் தனி.
தவுக்கே லோ மேசைக்குப் பின்னால் இருப்பார்,
இடுப்பிலிருந்து தரை வரை கைலி.
சீனி நோய் தின்ற வலது காலைப் பற்றி
யாரும் கேட்பதில்லை.

பெரிய பங்களாவை உடைத்த வாரம் ஒரு மூட்டை வந்தது:
கதவுக் கீல்கள், குழாய் நான்கு, ஒரு மணியின் நாக்கு,
அப்புறம் வாய் மூடாத வளையம் ஒன்று,
லாடம் மாதிரி, முனைகள் சப்பையாக.
எந்தத் துரை எங்கிருந்து கொண்டுவந்ததோ.
முந்நூற்றுப் பத்து கிராம். கிலோ பத்தொன்பது.
ஐந்து ரிங்கிட் எண்பத்தொன்பது காசு என்று எழுதிவிட்டு
கையில் மாட்டிப் பார்த்தேன்.

பழைய கியர்பாக்ஸ் வாங்கி
லாகோசுக்குக் கண்டெய்னர் ஏற்றும் எஃபோசா
அன்றைக்குப் பேரம் பேச மறந்தான்.
"கழற்று. அது வளையல் இல்லை, காசு" என்றான் மலாயில்.
பெனின் ராஜாவின் துறைக்குக்
கப்பல் கப்பலாக வந்து இறங்கியதாம்;
மிளகுக்கு, தந்தத்துக்கு, ஆளுக்கும்.
ஆள் ஒன்றுக்கு ஐம்பத்தேழு, ஒரு சமயம்.

என் விரல் தானாகக் கால்குலேட்டருக்குப் போனது.
பதினேழு கிலோ அறுநூற்று எழுபது.
முந்நூற்று முப்பத்தைந்து ரிங்கிட் எழுபத்துமூன்று.
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"உன் ஆட்களுக்கு எவ்வளவு?" என்றான்.
கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு.
எவ்வளவென்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

எல்லாக் காசும் காசாகவே இருந்துவிடவில்லையாம்.
இகுன் தெருவில் உருக்கினார்கள்.
மெழுகில் முகம் பிடித்து, களிமண் பூசி, சுட்டு,
மெழுகு வெளியேறிய வழியே பித்தளையை உள்ளே விட்டார்கள்.
(எங்கள் கோயில் உற்சவரும் அப்படி வார்த்தவர்தான்;
சுவாமிமலை ரசீது அலமாரியில் இருக்கிறது.)
அரண்மனைத் தூண் முழுக்கத் தகடுகள்:
தாடை வரை பவளம் அடுக்கிய ராஜா,
சிறுத்தையை வாலைப் பிடித்துத் தூக்கிய ராஜா,
கால் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு கெளுத்தி நெளியும் ராஜா.
நடை முடங்கிப்போன ஒருவன்
தன் கால்கள் மீனாகிவிட்டன என்று சொன்னானாம்.
ஒளிந்து பார்த்த மந்திரியின் உயிர் போனதாம்.

நான் தவுக்கே பக்கம் திரும்பவில்லை.
ஆணிகளை எண்ணினேன்.

போனில் ஒரு படம் காட்டினான்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு.
ஊர் எரிந்த பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்கள்
முற்றத்துக் குவியலின் நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள்.
தந்தம் ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம்.
எங்கள் யார்டு மாதிரியே இருந்தது.
படை வந்த செலவுக்கு விற்றார்களாம்.
அங்கேயும் ஒருவன் கணக்கு எழுதியிருப்பான்.
அவன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.
என்னுடையதைப் போல வலப்பக்கம் சாய்ந்ததா?

வெளியே குலை லோரி குலுங்கி
இரண்டு பழம் உதிர்த்துப் போனது.
எஃபோசா ஒன்றைத் துடைத்து வாயில் போட்டான்.
ஐயோ, அதைப் போய் என்றேன்.
"எங்கள் ஊர் மரம்."
பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது
இது எந்த ஊர் என்று நாங்கள் கேட்டதில்லை.
காய் சரியாகப் பிடிக்கவில்லையென்று
பூவுக்குப் பூ தாவும் ஒரு சின்ன வண்டையும்
அந்தப் பக்கமிருந்தே வரவழைத்தார்களாம்.
கொட்டையைத் துப்பினான்.
"மரத்துக்கு விசா இல்லை. வண்டுக்கும் இல்லை.
எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை."

வளையத்தை அவன் வாங்கவில்லை.
நான்கு கியர்பாக்ஸுக்கு மட்டும் சீட்டு.

சாயங்காலம் கல்லாவில் என் ஆறு ரிங்கிட்டைப் போட்டபோது
தவுக்கே கை நீட்டினார்.
வளையத்தை வாங்கி, கைலிக்குள்
முழங்கால் முடிகிற இடத்தில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் இருந்தார்.
"குளிர்ச்சியாக இருக்கிறது" என்றார்.

பொருள் என்ற கட்டத்தில்
பித்தளை என்பதை அடித்துவிட்டேன்.
அதற்கு மேல் என்ன எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.